கரும்புக்குள் சிறுத்தை: கூண்டா, கொட்டகையா?

மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்தின் வடக்கே ஜுன்னர், அம்பேகாவ், கேட், சிரூர் என்று நான்கு தாலுகாக்கள். ஒரு காலத்தில் கம்பும் சோளமும் விளைந்த வறண்ட பூமி. குகடி பாசனத் திட்டத்தில் ஏட்காவ், மாணிக்டோ, டிம்பே என்று அணைகள் ஒவ்வொன்றாக வந்ததும் நிலம் கரும்புக்கு மாறியது. கரும்பு ஏறத்தாழ ஒரு வருடம் வயலில் நிற்கிற பயிர். ஆள் உயரத்தைத் தாண்டும். உள்ளே நிழல், பக்கத்து வாய்க்காலில் தண்ணீர், வரப்பைத் தாண்டினால் நாயும் ஆடும் கோழியும். சிறுத்தைக்கு வேறென்ன வேண்டும்? இன்று அந்தப் பக்கம் கரும்புக்குள்ளேயே பிறந்து, காட்டை ஒரு நாளும் பார்க்காமல், கரும்புக்குள்ளேயே குட்டி போடுகிற சிறுத்தைகள் இருக்கின்றன. வெட்டு நடக்கும்போது குட்டிகள் கிடைப்பது அங்கே ஆண்டுதோறும் வரும் செய்தி.

2025 அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலுமாக, சிரூர் தாலுகாவின் பிம்பர்கேட் பக்கத்தில் சில வாரங்களுக்குள் மூன்று பேரைச் சிறுத்தை கொன்றது. இருவர் பிள்ளைகள், ஒருவர் மூதாட்டி. ஊர் கொதித்தது, நெடுஞ்சாலையை மறித்தது. வனத்துறை ஒரு சிறுத்தையைச் சுட்டுக் கொன்றது. அதன் பிறகு ஆளுக்கொரு யோசனை: எல்லாவற்றையும் பிடித்து வெளியே அனுப்பு, கருத்தடை செய், சுடு, இழப்பீட்டைக் கூட்டிக் கொடு.

இவற்றில் எது உண்மையில் வேலை செய்யும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணம் முதலில் ஆட்டுக் கொட்டகைக்கும், பகல் நேரப் பம்புசெட் மின்சாரத்துக்கும், கரும்பு வெட்ட வருகிறவர்களின் குடிசைகளுக்கும் போகவேண்டும். கூண்டும் துப்பாக்கியும் மனிதரைத் தாக்கியது என்று உறுதியான குறிப்பிட்ட ஒரு விலங்குக்கு மட்டும். மற்றவற்றுக்கெல்லாம் இதற்குப் பின்னால்தான் இடம்.

ஊர் முதலில் கேட்பது கூண்டைத்தான். கேட்பதில் தப்பில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை போன மறுநாள் யாரும் ஆய்வறிக்கை படிக்கமாட்டார்கள். ஒரு லாரி வரும், இரும்புக் கூண்டு இறங்கும், உள்ளே ஒரு ஆட்டைக் கட்டுவார்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு சிறுத்தை மாட்டும். படம் எடுப்பார்கள், ஊர் மூச்சு விடும். ஆனால் மாட்டியது எந்தச் சிறுத்தை? ஆட்டு வாசனைக்கு வருகிற எதுவும் அதில் மாட்டலாம். ஆளைத் தாக்கியதுதான் மாட்டியது என்பதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது.

பிடித்ததை என்ன செய்வது என்பதில்தான் ஜுன்னருக்குக் கசப்பான அனுபவம் இருக்கிறது. 2001 இல் அங்கே பெரிய அளவில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வயல்களில் பிடித்த சிறுத்தைகளைக் காட்டுப் பகுதிகளில் கொண்டுபோய் விடுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, காட்டு விலங்கு காட்டுக்குப் போகட்டும் என்று. காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் அந்த ஆண்டுகளின் பதிவுகளை அலசி 2011 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திட்டத்துக்கு முன்பு ஜுன்னரில் மனிதர்கள் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4. திட்டம் தொடங்கிய பிறகு 17. தாக்குதல்களில் உயிர் போனவற்றின் பங்கும் இரு மடங்கானது. சிறுத்தைகளைக் கொண்டுபோய் விட்ட இடங்களுக்கு அருகிலும் தாக்குதல்கள் நடந்தன.

ஏன் இப்படி? வளர்ந்த சிறுத்தைக்குத் தன் எல்லை அத்துபடி. எந்த வீட்டில் நாய், எந்த வரப்பில் எப்போது ஆள் வருவார், எங்கே பகலில் படுக்கலாம் என்று தெரிந்துவைத்து ஆளைத் தவிர்த்தே வாழ்கிறது. அதைப் பிடித்து, கூண்டில் அடிபட்டுப் பல் உடைந்த நிலையில், தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் அங்கே ஏற்கெனவே வேறு சிறுத்தை இருக்கும். புதியது அலையும், தன் ஊருக்குத் திரும்பப் பார்க்கும். வழியெல்லாம் அதற்குப் புது ஊர், புது மனிதர்கள். இந்தப் பக்கம் காலியான எல்லைக்கு இளம் சிறுத்தைகள் வந்து சண்டை போடும். ஆக, ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போய் இரண்டு ஊர்களில் பிரச்சினை.

விட்ட இடத்தில் சிறுத்தை தங்காது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 2009 இல் பக்கத்து அகமத்நகர் (இன்று அகில்யாநகர்) மாவட்டத்தின் டாக்ளி டோகேஷ்வர் ஊரில் ஒரு வயதான ஆண் சிறுத்தை கிணற்றில் விழுந்தது. மீட்டு, கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டி, மால்ஷேஜ் கணவாயில் விட்டார்கள். அது காட்டில் தங்கவில்லை. நெடுஞ்சாலை, ரயில் பாதை, வசாய் கழிமுகம் எல்லாம் கடந்து சுமார் 120 கிலோமீட்டர் நடந்து மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆய்வாளர்கள் அதற்கு ‘ஆஜோபா’, அதாவது தாத்தா, என்று பெயர் வைத்திருந்தார்கள். வழியில் யாரையும் தொட்டதாகத் தகவல் இல்லை. தாத்தாவுக்கு எங்கே போகவேண்டும் என்பது தெரிந்திருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. எல்லாச் சிறுத்தையும் இவ்வளவு பொறுமையாக நடந்து போகும் என்று நம்பி ஒரு அரசுத் திட்டம் போட முடியாது. 2011 இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இப்படி இடம் மாற்றுவதைத் தவிர்க்கத்தான் சொல்கின்றன.

சரி, காட்டில் விடவேண்டாம், அடைத்து வைப்போம் என்றால்? ஜுன்னரிலேயே மாணிக்டோவில் சிறுத்தை மீட்பு மையம் ஒன்று இருக்கிறது. ‘வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.’ அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து நடத்துகிறது. காயம்பட்டவை, திரும்ப விடவே முடியாதவை இருப்பதற்கான இடம் அது. அந்த வேலைக்கு அது தேவை. வெட்டின்போது கிடைத்த குட்டிகளைத் தாயிடம் திரும்பச் சேர்க்கும் நல்ல வேலையும் அங்கிருந்து நடக்கிறது. கிடைத்த இடத்திலேயே பெட்டியில் வைத்துவிட்டு ஒதுங்கினால் இரவில் தாய் வந்து தூக்கிப் போய்விடும். ஆனால் பிடிபட்ட ஒவ்வொன்றையும் அடைப்பது என்று தொடங்கினால் முடிவே இல்லை. கூண்டில் ஒரு சிறுத்தை இருபது வருடம்கூட வாழும். இருபது வருடமும் தினம் இறைச்சி, ஆள், மருத்துவர். வெளியே காலியான இடத்துக்கு அடுத்தது வந்திருக்கும். வேறு மாநிலத்துக்கோ தனியார் பூங்காவுக்கோ அனுப்பினாலும் கணக்கு இதேதான், செலவு யார் தலையில் என்பது மட்டும் மாறும்.

சுடுவதைப் பற்றி விலங்கு ஆர்வலர்கள் பேசத் தயங்குவார்கள். நான் தயங்கவில்லை. சிறுத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 11 ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாத விலங்கைக் கொல்லத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அதிகாரம் கொடுக்கிறது. பிம்பர்கேட் போல அடுத்தடுத்து உயிர் போகும் இடத்தில் அந்த அதிகாரத்தைச் சீக்கிரம் பயன்படுத்துவதுதான் சரி. தாமதித்தால் ஊர் தானே விஷம் வைக்கும், கம்பியில் கரண்ட் விடும். அப்போது குற்றம் செய்ததும் சாகும், செய்யாததும் சாகும். பொதுவாகச் ‘சிறுத்தையைக் குறைப்பதற்காக’ச் சுடுவது வேறு விஷயம். கூண்டு வைப்பதில் இருக்கும் அதே கோளாறு அதிலும் உண்டு, காலியான இடம் காலியாக இருக்காது.

கருத்தடை புதிதாகச் சூடு பிடித்திருக்கும் யோசனை. பிம்பர்கேட் சம்பவங்களுக்குப் பிறகு, ஜுன்னர் பகுதியில் சில பெண் சிறுத்தைகளிடம் சோதனையாகச் செய்துபார்க்கும் முயற்சி வேகம் பிடித்தது. கேட்க மென்மையாக இருப்பதால் எல்லாத் தரப்புக்கும் பிடிக்கிறது. நடைமுறையை யோசித்தால் அவ்வளவு மென்மை இல்லை. ஊசி போட ஒவ்வொரு பெண் சிறுத்தையையும் பிடிக்கவேண்டும். தடுப்பூசி வகை மருந்தென்றால் அதே சிறுத்தையைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போடவேண்டியிருக்கும். கரும்புக்குள் அடையாளம் தெரியாமல் திரியும் விலங்கிடம் இது லேசான வேலையா? அப்புறம், கருத்தடை செய்த சிறுத்தைக்கும் பசிக்கும். இன்றிரவு ஆடு தூக்குவதை எந்த ஊசியும் தடுக்காது. பலன் தெரியவே பல ஆண்டுகள் ஆகும், அதுவும் வெளியிலிருந்து புதியவை வராமல் இருந்தால். சிறிய அளவில் செய்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் ‘கருத்தடை வருகிறது’ என்று சொல்லி மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டால் அது ஊரை ஏமாற்றுவதுதான்.

எத்தனை சிறுத்தைகள் இருக்கின்றன என்ற கணக்கே இங்கே சிக்கல். 2024 இல் வெளியான தேசிய மதிப்பீடு இந்தியாவில் 13,874 என்றும், மகாராஷ்டிரத்தில் 1,985 என்றும், தமிழ்நாட்டில் 1,070 என்றும் சொல்கிறது. அது பெரும்பாலும் புலி வாழும் மாநிலங்களின் காடுகளை வைத்துப் போட்ட கணக்கு. கரும்புத் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் அதில் சேராது. அதாவது நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் சிறுத்தைகள் அந்த எண்ணிக்கையிலேயே இல்லை. எண்ணிக்கையே தெரியாத ஒன்றைப் பாதியாகக் குறைப்போம் என்கிறவர்களை என்ன சொல்ல?

அதே அகமத்நகர் மாவட்டத்தின் அகோலே தாலுகாவில் கேமரா வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013 இல் வந்தது. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழ்கிற, காட்டுப்பகுதியே இல்லாத விவசாயப் பள்ளத்தாக்கு அது. அங்கே 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 வளர்ந்த சிறுத்தைகள், அதே அளவுக்குக் கழுதைப்புலிகளும். ஜி.பி.எஸ். பட்டை கட்டிப் பார்த்தபோது பகலில் பயிருக்குள் படுத்துக்கொண்டு, ஊர் அடங்கிய பிறகு வீடுகளுக்குப் பக்கத்தில் உலவுவது தெரிந்தது. எல்லா இரவும் வந்துபோகிறது, பெரும்பாலான இரவுகளில் ஒன்றும் நடப்பதில்லை.

எதைத் தின்று வாழ்கிறது? இதே பகுதியில் எச்சத்தை ஆய்ந்தவர்கள் கண்டது: உணவின் எடையில் 39 சதவீதம் நாய். ஆடு 11 சதவீதம்தான், அதுவும் நாய்களைப் போல ஏழு மடங்கு ஆடுகள் அங்கே இருந்தும். காரணம் சாதாரணமானது. ஆட்டை மேய்க்க ஆள் இருக்கிறார், இரவில் பட்டியில் அடைக்கிறார்கள். நாயைக் கேட்க ஆளில்லை. இந்த ஒரு கணக்கிலிருந்து இரண்டு முடிவு கிடைக்கிறது. ஒன்று, அடைத்துவைத்த கால்நடை ஓரளவு தப்பிக்கிறது, ஆக அடைப்பதை இன்னும் பலமாக்கினால் பலன் உண்டு. இன்னொன்று, தெருநாயும் அதை வளர்க்கும் கோழிக் கழிவும் குப்பையும் இருக்கும்வரை சிறுத்தை ஊரை விட்டுப் போகாது. மும்பை பூங்காவைச் சுற்றி 2011 இல் தொடங்கிய விழிப்புணர்வு முயற்சியும் குப்பை, நாய், வெளிச்சம் என்று இதைத்தான் சுற்றி வந்தது. நாயை மட்டும் ஒரேயடியாக ஒழித்தால் அடுத்த நாள் ஆட்டின் பக்கம் திரும்பும் என்பதும் உண்மை. ஆகவே கொட்டகை முதலில், குப்பையும் நாயும் பிறகு. வரிசை முக்கியம்.

கொட்டகை என்றால் என்ன கொட்டகை? முள்ளை வெட்டிச் சுற்றிவைத்த பட்டியைச் சிறுத்தை ஒரு பாய்ச்சலில் தாண்டும். நாலு பக்கமும் இரும்புக் கம்பிவலை, மேலேயும் வலையோ தகரமோ, உள்ளே இழுத்துச் சாத்த உறுதியான கதவு, அடியில் தோண்டி நுழைய முடியாத கல் கட்டு. மேல்மூடி இல்லாத கொட்டகை இருந்தும் இல்லாததுதான். இன்னும் மோசம்கூட: மாட்டிக்கொண்ட ஆடுகள் ஓட இடமில்லாமல் கத்த, உள்ளே குதித்த சிறுத்தை ஒன்றோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் அடித்துப்போடும். லடாக்கிலும் ஸ்பிதியிலும் பனிச்சிறுத்தைக்காக ஊர்ப் பட்டிகளுக்கு வலைக்கூரையும் கதவும் போட்டுக் கொடுத்தது இதே காரணத்தால்தான். ஐந்தாறு ஆடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது ஒரு முறைச் செலவு. ஒரு சிறுத்தையை ஆயுள் முழுக்க அடைத்துவைக்க ஆகிற பணத்தில் எத்தனை கொட்டகை போடலாம் என்று எந்தப் பஞ்சாயத்தும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கொட்டகையில் அடைக்க முடியாதவர்கள் உண்டு. தங்கர் சமூகத்து ஆட்டிடையர்கள் மந்தையோடு ஊர் ஊராகப் போய் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறவர்கள். அவர்களுக்குச் சுருட்டிக் குதிரையில் ஏற்றக்கூடிய வலையும், சுழன்று மின்னும் சூரிய விளக்கும்தான் உதவும். விளக்கு கொஞ்ச காலம் வேலை செய்யும், பிறகு சிறுத்தை பழகிவிடும். அதனால் இடத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

மின்சாரம்தான் பலரும் கவனிக்காமல் விடும் விஷயம். விவசாய மும்முனை மின்சாரம் அங்கே சுழற்சி முறையில் வருகிறது. பல வாரங்களில் முறை நடுராத்திரிக்கு விழும். தண்ணீர் கட்ட விவசாயி கையில் டார்ச்சோடு கரும்புக்குள் இறங்கவேண்டும், வாய்க்கால் மடையைத் திருப்பக் குனிய வேண்டும். குனிந்த ஆள் சிறுத்தையின் கண்ணுக்கு ஆளாகவே தெரியமாட்டார். ஜுன்னர் விவசாயிகள் பல வருடமாகக் கேட்பது பகலில் கரண்ட். மகாராஷ்டிர அரசு 2017 இல் தொடங்கி 2023 இல் விரிவாக்கிய திட்டம், விவசாயப் பம்புகளுக்குப் போகும் மின்பாதைகளைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டுவது, சிறுத்தைக்கென்று போட்டது இல்லை. ஆனால் விவசாயிக்குப் பகலில் மின்சாரம் கொடுப்பதுதான் அதன் நோக்கம். சிறுத்தைத் தொல்லை உள்ள தாலுகாக்களுக்கு இதில் முதல் முறை கொடுத்தால், எந்தக் கூண்டையும்விட அதிக உயிர் மிச்சமாகும் என்பது என் எண்ணம்.

இழப்பீடு இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. மனித உயிர் போனால் மகாராஷ்டிரம் இப்போது 25 லட்சம் ரூபாய் தருகிறது. கால்நடைக்குச் சந்தை விலையில் ஒரு பங்கு, ஒரு உச்சவரம்புக்குள். தொகையைவிட வேகம்தான் முக்கியம். ஆடு செத்த இரண்டு நாளுக்குள் வனத்துறை ஆள் வந்து பார்த்துப் பணம் போட்டால், அந்த வீடு சடலத்தில் பூச்சிமருந்து தெளிக்காது. ஆறு மாதம் அலையவிட்டால் தெளிக்கும். ஆனால் இழப்பீடு என்பது நடந்து முடிந்ததற்குக் கொடுப்பது, அடுத்ததைத் தடுக்காது. கதவில்லாத பட்டிக்கு ஒவ்வொரு முறையும் முழுப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தால் கதவு வைக்க யாருக்கும் தோன்றாது. முதல் முறை இழப்பீட்டோடு கொட்டகைக்கு மானியமும் கொடுத்து, போடாவிட்டால் அடுத்த முறை தொகையைக் குறைக்கலாம். கறாராகத் தெரியும், தெரியட்டும்.

அதிகம் பேசப்படாதவர்கள் கரும்பு வெட்ட வருகிறவர்கள். பீட் மாவட்டத்திலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் கணவன், மனைவி, குழந்தை என்று குடும்பமாக வந்து, வயலோரத்தில் ‘கோப்பி’ என்னும் சிறு குடிசை போட்டு அரவைப் பருவம் முழுக்கத் தங்குகிறார்கள். கதவு கிடையாது, கழிப்பறை கிடையாது, விளக்கு கிடையாது. விடியும் முன்பே அப்பா அம்மா வெட்டுக்குப் போய்விட, பிள்ளைகள் குடிசையில். கரும்பு வெட்ட வெட்ட சிறுத்தைக்கு ஒளிய இடம் குறைந்துகொண்டே வரும், குட்டியோடு இருக்கும் தாய் கடைசித் துண்டு வயலுக்குள் ஒதுங்கும். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ‘சகவாழ்வு’ என்று நகரத்தில் உட்கார்ந்து பேசுவது இவர்கள் முன்னால் எடுபடாது. வார்லி, தாகர் பழங்குடி மக்கள் வாகோபா என்று பெரும்பூனையைத் தெய்வமாகக் கும்பிட்டு வந்தது உண்மை, அது மரியாதைக்குரியது. ஆனால் பீட்டிலிருந்து வந்த தாய்க்கு அந்தத் தெய்வத்தோடு எந்த உடன்படிக்கையும் இல்லை.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. வால்பாறையில் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இன்று ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் நிறைய. அங்கே சிறுத்தையிடம் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள், பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில், வீட்டு வாசலுக்குப் பக்கத்தில். வீட்டுக்கும் தேயிலைச் செடிக்கும் நடுவே இடைவெளி, தெருவிளக்கு, வீட்டுக்குள் கழிப்பறை, வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்க்க ஆள். தேவை அங்கேயும் இதேதான். வால்பாறையில் இதைச் செய்யவேண்டியது தோட்ட நிர்வாகம். ஜுன்னரில் சர்க்கரை ஆலை. வெட்டு ஆட்களை ஒப்பந்தக்காரர் மூலம் வரவழைப்பது ஆலைதான், ஆனால் அவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்பதில் ஆலைக்கு இதுவரை பெரிய அக்கறை இருந்ததில்லை. வயலை விட்டுத் தள்ளி, சுற்றிலும் வலை கட்டி, விளக்குப் போட்ட ஒரு முகாம் இல்லாத ஆலைக்கு அரவை உரிமம் இல்லை என்று மாநில அரசு ஒரு வரி சேர்த்தால் போதும். அரவை நவம்பர் வாக்கில் தொடங்கும், உரிமம் அதற்கு முன்பே கொடுத்தாகவேண்டும். அந்த ஒரு வரியைச் சேர்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.